நான் பர்மனென்ட் ஆன கதை

1

போன வெள்ளிக்கிழமை டிப்போவில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் பஸ் ஓட்ட வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். எனக்கே நினைவில்லை, யாருக்கு எந்த ரூட் என்று ரோஸ்டர் போடுகிற டோனிக்கு நினைவிருந்திருக்கிறது. ஒரு கிரேக்கப் பெரியவர், இரண்டு பஞ்சாபிக்காரர்கள், வியட்நாமிலிருந்து வந்த ஓர் அம்மாள் என்று சாப்பாட்டு அறையில் இருந்த அத்தனை பேரும் காகிதத் தட்டும் கையுமாக நின்று "ஸ்பீச், ஸ்பீச்" என்று கத்தினார்கள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வந்ததெல்லாம் தமிழில் வந்தது. "தாங்க்யூ, என் வண்டிக்கு நேரமாச்சு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கலைச்செல்வி. டிப்போவில் கலா. ஊர் நெய்வேலி. பி.இ. கம்ப்யூட்டர் படித்தேன், கல்யாணம் ஆயிற்று, மெல்போர்ன் வந்தேன். கணவர் சரவணன் ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறார். மகள் இனியா பத்தாம் வகுப்பு. இங்கே பல வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தேன். இப்போது பஸ் ஓட்டுகிறேன். இதைச் சொன்னதும் தமிழர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஐயோ, என்னம்மா ஆச்சு?" என்பதுதான். ஒன்றும் ஆகவில்லை சாமி. பிடித்திருக்கிறது, ஓட்டுகிறேன். இதைச் சொன்னால் இன்னும் பாவமாகப் பார்க்கிறார்கள்.

2

எங்கள் டவுன்ஷிப்பில் ஷிஃப்ட் பஸ் வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் ஒரு கூட்டம் நிற்கும். அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்தார். செகண்ட் ஷிஃப்ட் போகிற நாட்களில் நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப் வரைக்கும் போவேன். மற்ற பிள்ளைகள் அவரவர் அப்பாவுக்கு டாட்டா காட்டும். நான் மட்டும் டிரைவர் ஸ்டியரிங்கைச் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவு பெரிய வண்டி அந்த மூலையில் மரத்தில் உரசாமல், சாக்கடைப் பாலத்தில் ஏறாமல் எப்படித் திரும்புகிறது என்பதுதான் எனக்கு அன்றைய பெரிய விஷயம். "அப்பனைப் பாருடின்னா டயரைப் பாத்துக்கினு நிக்குது" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

அதை ஆசை என்று நானும் நினைக்கவில்லை, வேறு யாரும் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் "பிடிச்சிருக்கா" என்ற கேள்வி சாப்பாட்டுக்கும் துணிக்கும்தான். வேலைக்கு ஒரே கேள்வி: பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பூர்வீகம் பக்கத்துக் காடாம்புலியூர். அவர் மைன்ஸில் பர்மனென்ட். அவருடைய தம்பி, என் சித்தப்பா, அதே மைன்ஸில் கான்ட்ராக்ட். இரண்டு பேர் சட்டையிலும் ஒரே கரிதான். ஆனால் அண்ணனுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், தம்பிக்கு ஊரிலிருந்து சைக்கிள். சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று யாரும் கேட்கவில்லை, பர்மனென்ட்டா என்றுதான் கேட்டார்கள். "சீக்கிரம் ஆயிடும்" என்று அப்பா ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். இரண்டு சம்பந்தம் கைக்கு வந்து தட்டிப்போனது. கடைசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், தலை நரைத்தது. பர்மனென்ட் மட்டும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவை கான்ட்ராக்ட் மாறும்போதும் அடுத்த கான்ட்ராக்டர் கூப்பிடுவாரா மாட்டாரா என்று அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார். அப்பா அவருக்கு முன்னால் தன் யூனிஃபார்மைப் போட்டுக்கொள்ளக்கூடக் கூச்சப்படுவார். கான்ட்ராக்ட் என்ற சொல்லையே வீட்டில் தணிந்த குரலில்தான் சொல்வோம்.

3

மெல்போர்னில் என் டெஸ்டிங் வேலையும் கான்ட்ராக்ட்தான். ஆனால் இந்த ஊரில் கம்ப்யூட்டர் துறையில் அது கௌரவமான ஏற்பாடு, சம்பளமும் கூட. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். நீட்டியதும் ஊருக்குப் போன் பண்ணுவேன். "கான்ட்ராக்ட மறுபடியும் நீட்டிட்டாங்கப்பா!" அப்பா "சரிம்மா" என்று சொல்லிவிட்டு உடனே அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவார். அவர் எப்போதுமே போனில் அதிகம் பேசாதவர் என்று நானும் விட்டுவிடுவேன்.

வேலை மோசம் என்று சொல்ல மாட்டேன். யாரோ எழுதின புரோகிராமில் பட்டனை அமுக்கி, அது வேலை செய்கிறதா என்று பார்த்து, செய்யவில்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாலும் ஞாபகம் வராது. அந்த நாளில் எனக்குப் பிடித்த ஒரே நேரம் ஆபீஸ் போகவர பஸ்ஸில் உட்காருகிற நேரம். ரயிலில் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் வேண்டுமென்றே பஸ்ஸில் போவேன், அதிலும் முன்சீட்டில்.

அப்போது இனியா எட்டாம் வகுப்பு. மனசுக்குப் பிடித்ததைக் கண்டுபிடி, அதையே தொழிலாக்கு என்று இங்கே பள்ளிக்கூடத்துச் சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்த தொழிலை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"நீ எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"கேம்பஸ்ல வந்தாங்க, எடுத்தாங்க, போனேன்."

"அதை எழுத முடியாதும்மா. சரி, எதைப் பாத்துட்டு இருந்தா உனக்கு டைம் போறதே தெரியாது?"

யோசிக்காமல் "பஸ்" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவள் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் சிரிப்பு நின்றுபோய் என்னவோ போல் ஆகிவிட்டது.

இங்கே பஸ்களின் முதுகிலேயே ஒரு விளம்பரம் ஒட்டியிருப்பார்கள். 'எங்களோடு ஓட்ட வாருங்கள், பழக்கிவிடுவது எங்கள் பொறுப்பு.' காரில் பின்னால் போகும்போதெல்லாம் அதைப் படித்துக்கொண்டே வருவேன். படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது. இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை மானேஜர் கூப்பிட்டு, இந்த முறை நீட்டவில்லை, நாளையோடு சரி என்றார். அது இங்கே சகஜம், இன்னொரு இடத்தில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். நான் சேரவில்லை. விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

சரவணனிடம் சொன்னபோது, "உனக்கென்ன பைத்தியமா?" என்றார். இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது தானாகவே ஆரம்பித்தார். "பஸ்ல உக்காந்தா உன் வலது கால் சும்மாவே இருக்காது, தரையில பிரேக் போட்டுட்டே வரும். நானும் வருஷக்கணக்கா பாத்துட்டுதான் இருக்கேன். போ, போய் நிஜ பிரேக்கையே போடு." அந்த மனுஷனை அன்றைக்கு மாதிரி எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

4

பஸ் ஓட்ட லைசென்ஸ் மட்டும் போதாது. உடம்பு, கண், போலீஸ் ரெக்கார்டு எல்லாம் பார்த்து அரசாங்கம் தனியாக ஓர் அனுமதி கொடுக்க வேண்டும். அதற்கான ஆபீஸில் இருந்தவர் நல்ல மனிதர். வளர்ந்த இடம் எது என்று கேட்டார். "பிளாக் எய்ட்டீன்" என்றேன். எங்கள் ஊரில் பிளாக் என்றால் ஒரு பேட்டை. தெருக்கள், பள்ளிக்கூடம், மைதானம் எல்லாம் உள்ளேயே இருக்கும். அவர் மெதுவாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு காலம் அங்கே இருந்தீர்கள்?"

"பிறந்ததிலிருந்து காலேஜ் போகும் வரைக்கும்."

"வெளியே விட்டார்களா?"

அவர் ஜெயிலை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. விளக்கிச் சொன்னதும் நன்றாகச் சிரித்தார். சரி, அந்த வீட்டில் இப்போது உங்கள் குடும்பத்தார் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை. அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாயிற்று. நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இப்போது யாரோ ஒருவர் ஜெனரல் ஷிஃப்ட் போய்க்கொண்டிருப்பார். டவுன்ஷிப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பதே அப்படித்தான், அப்பாவின் சர்வீஸோடு முடிந்துபோகும்.

பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இது: பஸ்ஸில் முன்சக்கரம் டிரைவருக்குப் பின்னால் இருக்கிறது. கார் மாதிரி மூலை வந்ததும் ஒடித்தால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும். எதிர்ச் சுவரில் மோதப்போகிறோம் என்று பயம் வருகிற வரைக்கும் நேராக உள்ளே போய், அதற்கப்புறம்தான் சுழற்ற வேண்டும். நான் போனேன், பயம் வந்தது, சுழற்றினேன். வண்டி முழுசும் என் பின்னால் சொன்னபடி திரும்பி வந்தது. "இதற்கு முன்னால் ஓட்டியிருக்கிறாயா?" என்று பயிற்சியாளர் கேட்டார். "இல்லை, பார்த்திருக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்! நாற்பது வயசுக்கு மேல் ஒருத்திக்குத் தன் கை எதற்காக இருக்கிறது என்று தெரியவந்தால் அழாமல் என்ன செய்வாள்?

எல்லாம் தேன் என்று சொல்லவில்லை. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று ஷிஃப்டை உடைத்துக் கொடுப்பார்கள், நடுவில் வீட்டுக்கும் போக முடியாது, டிப்போவிலும் இருக்க முடியாது. முதுகு வலிக்கும். குடித்துவிட்டு ஏறுகிறவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். ஆனால் இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பெரியவர், சின்னவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, எல்லோரும். இத்தனை வருஷம் நான் சோதித்துக் கொடுத்த சாஃப்ட்வேருக்கு ஒருத்தர் ஒரு நன்றி சொன்னதில்லை.

இனியாதான் படுத்தினாள். பஸ் என்று எழுதிக்கொண்டு போனவள் அவள்தான், நிஜமாகவே அம்மா யூனிஃபார்ம் போட்டதும் முகம் மாறிவிட்டது. "என் ஸ்கூல் ரூட்டை மட்டும் எடுக்காதம்மா, ப்ளீஸ்." ரூட்டை நானா எடுக்கிறேன், டோனி அல்லவா கொடுக்கிறான்? ஒரு நாள் கொடுத்தேவிட்டான். சிநேகிதிகளோடு ஏறினாள், பயண அட்டையைத் தட்டினாள், போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நானும் தெரியாத ஆள் மாதிரிக் கண்ணாடியைப் பார்த்தேன். இறங்கும்போது எல்லோரையும் போல ஒரு "தாங்க்ஸ்". அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் வீட்டில் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். எடுத்துக் குடித்தேன்.

5

இனியாவைக்கூடச் சமாளித்துவிடலாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

பி.இ. படிக்கவைத்த மகள், வெளிநாட்டில் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்த மகள், ஸ்டியரிங் பிடிக்கிறாள் என்று போனில் சொல்லவா முடியும்? அவருக்கு ப்ரெஷர் வேறு. நேரில்தான் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். போனில் "ஆபீஸ்ல எல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று அவர் கேட்பார், "நல்லா போகுதுப்பா" என்பேன். ப்ரொபேஷன் முடிந்து, என்னை கன்ஃபர்ம் பண்ணி, ஏப்ரல் விடுமுறையும் வந்தது. "ட்ரான்ஸ்போர்ட்ல மானேஜ்மென்ட்னு சொல்லிடேன், பொய்யும் இல்ல" என்றார் சரவணன். நான் ஓட்டுகிற பஸ்ஸை நானே மறைத்தால் அப்புறம் இனியாவை என்ன சொல்வது? அவரை லேபோடு விட்டுவிட்டு, நானும் அவளும் கிளம்பினோம்.

அப்பாவும் அம்மாவும் இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். தெருவே ரிட்டையர் ஆனவர்கள் தெரு. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, வேலை பார்த்த பிரிவைச் சொல்லி மைன்ஸ்காரர், தெர்மல்காரர், பர்ச்சேஸ்காரர்தான். அம்மாவிடம் முதலில் அடுப்படியில் வைத்துச் சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது.

"பஸ்ஸுன்னா, டிக்கெட்டு குடுக்குறதா?"

"ஓட்டறதும்மா."

"ஐயோ, தலையில கல்லத் தூக்கிப் போட்டியேடி! மாப்பிள்ளை ஒண்ணும் சொல்லலியா? எதிர்வூட்டு பர்ச்சேஸ்காரர் பொண்டாட்டி கேட்டா நான் என்னாடி சொல்லுவேன்? உங்கப்பாகிட்ட மூச்சு வுடாத. ஏற்கனவே உன்ன நெனச்சு நெனச்சு மனுசன் பாதியா போய்க்கினு இருக்காரு."

"என்னை நெனச்சா? எதுக்கு?"

"எதுக்கோ" என்று அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

6

மறுநாள் காலையில் சித்தப்பா காடாம்புலியூரிலிருந்து ஒரு பலாப்பழத்தோடு வந்தார். வருஷத்தின் முதல் பழம். பின்கட்டில் சாக்கை விரித்து, கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு சித்தப்பா பிளக்க, அப்பாவும் எண்ணெய்க் கையோடு எதிரே உட்கார்ந்து சுளையைப் பிரித்துப் போட்டார். இனியா தூரமாக நின்று போனில் படம் எடுத்தாள். பலாப்பழம் பிரிக்கிற கையோடு யாராலும் சட்டென்று எழுந்து போக முடியாது. இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று நானும் உட்கார்ந்தேன்.

"அப்பா, நான் அந்த சாஃப்ட்வேர் வேலையில இப்ப இல்ல."

அப்பாவின் கை நின்றது. சித்தப்பாவின் கத்தியும் நின்றது. அடுப்படி வாசலில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்திட்டாங்களா?" என்றார் அப்பா.

"அங்க முடிஞ்சு ரொம்ப நாளாச்சுப்பா. இப்ப பஸ் ஓட்டறேன்."

"பஸ்ஸா?"

"ஆமாம்பா. டவுன் பஸ்ஸு. லைசென்ஸ் எடுத்து, ட்ரெய்னிங் முடிச்சு..."

அவர் டவுன் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்கவில்லை. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கான்ட்ராக்டா?"

"இல்லப்பா. பர்மனென்ட்."

"பர்மனென்ட்னா? எழுத்துல?"

"ஆமாம்பா. ஆறு மாசம் ப்ரொபேஷன், அது முடிஞ்சு கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க."

"லீவு உண்டா?"

"உண்டு."

"உடம்பு சரியில்லன்னா?"

"அதுக்குத் தனி லீவு. சம்பளம் புடிக்க மாட்டாங்க."

"பி.எஃப்.?"

"அது மாதிரி ஒண்ணு உண்டுப்பா."

"யூனியன் இருக்கா?"

"இருக்கு. சேந்துட்டேன்."

"அப்போ, நாளைக்கு வேலைக்கு வராதன்னு எவனும் உன்ன சொல்ல முடியாது."

"முடியாதுப்பா."

"அப்பாடா!" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். கண்ணைத் துடைக்கக் கையில் எண்ணெயும் பலாப்பாலும். துடைக்கவும் முடியாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அழுதார். அம்மா ஓடிவந்து முந்தானையால் துடைத்தாள்.

"ஒவ்வொரு தபாவும் போனப் போட்டு, கான்ட்ராக்ட நீட்டிட்டாங்கப்பான்னு சிரிச்சுக்கினே சொல்லுவ. இங்க அடுத்த ஆறு மாசம் எப்ப முடியும்னு நான் ஒருத்தன் எண்ணிக்கினு கெடப்பேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா."

"என்னான்னு கேக்கறது? உன்ன பி.இ. படிக்க வச்சதே அந்த வார்த்த உம்மேல படக் கூடாதுன்னுதான். அவ்ளோ படிச்சும் கடல தாண்டிப் போயி நீயும் கான்ட்ராக்ட் லேபராத்தான் இருக்கறன்னு வெளிய சொல்ல முடியுமா? உங்கம்மாகிட்ட மட்டும் சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அங்கே அது கௌரவமான வேலை, பர்மனென்ட்காரர்களைவிட அதிகச் சம்பளம் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"இருக்கட்டும். நாளைலேந்து வராதன்னு சொன்னா என்னா பண்ணுவ?"

அந்த வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. மறுநாள் என் மேஜையில் இருந்த சாமானை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தது நினைவுக்கு வந்தது. அப்பா நினைத்துப் பயந்தது அப்படியே நடந்துதான் இருக்கிறது. நான்தான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்தப்பாதான் பேசினார். மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டு, பழத்தைப் பார்த்தபடியே. "அதான் அண்ணே, கொஞ்ச வருசமா என்னப் பாக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி பாத்துக்கினு இருந்தியா? நான் எனக்குத்தான் ஏதோ சீக்கு வந்துட்டுதாக்கும்னு பயந்துக்கினு இருந்தேன்." சொல்லிவிட்டு அவரே பெரிசாகச் சிரித்தார். அப்பாவும் அழுகையோடு சிரித்துவிட்டார். இனியா பக்கத்தில் வந்து, "தாத்தா ஏன் அழறாரு? நீ பஸ் ஓட்டறது பிடிக்கலையா?" என்று என் காதில் கேட்டாள். "பிடிச்சிருக்குடி, அதான் அழறாரு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அம்மா போட்டு உடைத்தாள். "திருவந்திபுரம் கோயில்ல மொட்ட போடறேன்னு உங்கப்பா வேண்டிக்கினு இருக்காருடி. நீ பர்மனென்ட் ஆவணும்னு."

என்னால் நம்பவே முடியவில்லை. அப்பாவுக்கு இந்த வயசிலும் தலை நிறைய முடி, பையில் எப்போதும் சீப்பு.

"எப்ப வேண்டினீங்க?"

அப்பா சித்தப்பாவை ஒரு தடவை பார்த்தார். "மொதல்ல இவனுக்குத்தான் வேண்டிக்கினேன். இவன் வேலைய வுட்டு நின்னதும் அது அப்படியே கெடந்துது. நீ கான்ட்ராக்டுன்னு சொன்னன்னிக்கு பேரை மட்டும் மாத்திக்கினேன்."

7

மறுநாளே சித்தப்பா உட்பட எல்லோரும் திருவந்திபுரத்துக்குக் கிளம்பினோம். கார் பிடிக்கலாம் என்றதற்கு அப்பா கேட்கவில்லை, பஸ்தான் என்றார். கடலூர் பஸ்ஸில் என்னை முன்னால் உட்காரவைத்து, வண்டி கிளம்புவதற்குள் டிரைவரிடம் சொல்லிவிட்டார். "எம்பொண்ணும் பஸ்ஸுதான் ஓட்டறா. ஆஸ்திரேலியாவுல."

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியாம்மா? எத்தினி கியரு?"

"ஆட்டோமேட்டிக்ண்ணே. கியர் போடற வேலையே இல்ல."

"அட போம்மா! கியரே இல்லாம அது என்னா பஸ்ஸு? வூட்டு ஊஞ்சல்ல மாதிரி உக்காந்துக்கினு போவீங்களாட்டம் இருக்கு."

"அது பெரிய வண்டிங்க, ரொம்ப நீளம்" என்று அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வடலூர் வரைக்கும் இரண்டு பேரும் விடவில்லை. நான் அந்த டிரைவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு பள்ளம் மேட்டிலும் நிற்கிறவர்கள் ஒருத்தர்கூடச் சாயவில்லை. நல்ல கைகாரர்.

குறிஞ்சிப்பாடி தாண்டினதும் அப்பா என் பக்கம் குனிந்தார். "ஓட்டறது உனக்குப் புடிச்சிருக்கா?"

சாப்பாட்டைத் தவிர வேறொன்றுக்கு அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "ரொம்பப் புடிச்சிருக்குப்பா" என்றேன். "உங்களுக்கு உங்க வேலை புடிச்சுதா?"

இவ்வளவு காலத்தில் அவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். "பெல்ட்டு ஓடிக்கினே இருந்தா புடிக்கும். நின்னுட்டா புடிக்காது" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருவந்திபுரத்தில் அப்பா மொட்டை போட உட்கார்ந்தார். முதல் கத்தை முடி விழுந்ததும் சித்தப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். "நீ எதுக்குடா?" என்றார் அப்பா. "நீ போடு, நான் போட்டா உனக்கென்னா?" என்றார் சித்தப்பா. இரண்டு பேர் தலையிலும் அம்மா சந்தனத்தைத் தடவிவிட்டாள். இனியா படம் எடுத்து அங்கேயே சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். கீழே என்ன எழுதினாய் என்று கேட்டேன், காட்டினாள். 'என் அம்மா பஸ் டிரைவர் ஆனதுக்கு என் தாத்தாக்கள் கொண்டாடறாங்க.' கோயில் வாசல் என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் தெருவில் இறங்கினோம். மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு யார்தான் சும்மா போவார்கள்? எதிர்வீட்டு பர்ச்சேஸ்காரர் கேட்டைத் திறந்துகொண்டே வந்துவிட்டார். "என்ன சார், திடீர்னு மொட்டை?"

அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினாள். அப்பா நின்றார்.

"வேண்டுதலுங்க. பொண்ணு பர்மனென்ட் ஆயிட்டா. மெல்போர்ன்ல பஸ் ஓட்டறா."

"பஸ்ஸா? சாஃப்ட்வேர்ல இல்ல இருந்தாங்க?"

"அது கான்ட்ராக்டுங்க" என்றார் அப்பா. தணிந்த குரலில் அல்ல, தெருவுக்கே கேட்கிற மாதிரி. அம்மாவின் பிடி தளர்ந்தது.

பர்ச்சேஸ்காரர் சித்தப்பா பக்கம் திரும்பினார். "சரி, நீ எதுக்குப்பா போட்ட?"

சித்தப்பா தலையில் காய்ந்திருந்த சந்தனத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க வூட்டுல ஒருத்தருக்கு பர்மனென்ட் ஆயிடுச்சுங்களே," என்றார், "போதாதா?"